தொழிற்சாலையில் செய்த வீடு: யாரை நம்பிக் கொடுப்பது?

வீடும் கட்டுமானமும் – வாசகர் கேள்வி பதில்

சுவரையும் கூரையையும் தொழிற்சாலையில் செய்து மனையில் கொண்டுவந்து பொருத்தும் ரெடிமேட் வீடு பற்றிப் போன இதழில் ஒரு சின்ன பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே. சுற்றிச் சுற்றி எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கம்பெனியை நம்புவது? கம்பெனிப் பெயர்களை இந்தப் பக்கத்தில் நான் சிபாரிசு செய்வதில்லை. கம்பெனிக்காரர் எதிரில் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும், நேரில் போனால் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். கான்கிரீட் பாகங்களை முன்கூட்டியே வார்த்தெடுக்கும் ப்ரீகாஸ்ட் யார்டில் தரப் பரிசோதனை பார்த்துவிட்டு, பிறகு கட்டமைப்புக் கணக்குப் போடும் வேலைக்கு வந்தவள் நான். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

கேள்வி: மேடம், தாம்பரத்தில் 1994இல் கட்டிய எங்கள் தரைத்தள வீட்டின் மேல், மகனுக்காக ஒரு மாடி எடுக்க வேண்டும். பில்லர் இல்லாத செங்கல் சுவர் வீடு. மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்கிவிட்டோம். ஒருவர் பஃப் பேனல், ஒருவர் எல்ஜிஎஸ்எஃப் என்ற மெல்லிய இரும்புச் சட்ட முறை, ஒருவர் ப்ரீகாஸ்ட் கான்கிரீட். பஃப் பேனல்தான் இருப்பதிலேயே மலிவு. மூவருமே ‘ஐம்பது வருஷம் தாங்கும்’ என்கிறார்கள். யாரிடம் கொடுக்கலாம்?
– வாசகர், தாம்பரம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூவரில் ஒருவர்கூட உங்கள் பழைய வீட்டின் கடைக்காலைத் தோண்டிப் பார்க்கச் சொன்னதாக ஒரு வரி இல்லை. அப்படிச் சொல்லாதவர்கள் யாராக இருந்தாலும், கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வரச் சொல்லுங்கள். வீட்டின் இரண்டு மூலைகளில் பள்ளம் எடுத்து, கடைக்கால் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், கீழே களிமண்ணா மணலா என்று ஒரு பொறியாளர் பார்க்காமல் மாடியைப் பற்றிப் பேசவே கூடாது.

ப்ரீகாஸ்ட் கொட்டேஷனை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடலாம். தொழில்நுட்பத்தில் குறை ஒன்றும் இல்லை. உங்களுக்குப் பக்கத்தில் பெரும்பாக்கத்திலேயே புதுக் கட்டுமான முறைகளைக் கட்டிக் காட்டும் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் 12 பிளாக்குகளாக 1,152 வீடுகள் ப்ரீகாஸ்ட் முறையில் எழுந்திருக்கின்றன. 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டி, 2022 மே மாதம் திறந்தார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்து வாருங்கள். ஆனால் அவை அந்தப் பாரத்துக்கென்றே அஸ்திவாரம் போட்டுக் கட்டியவை. தரைத்தளத்துக்கு மட்டும் போட்ட உங்கள் கடைக்கால் மீது கான்கிரீட் பேனல்களை ஏற்றுவது வேறு கதை.

பஃப் பேனல் என்பது இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை. சைட் ஆபீஸுக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் அருமையான பொருள். குடும்பம் நிரந்தரமாக வாழப்போகும் மாடிக்கு நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தீப்பிடித்தால் அந்த நுரை விடும் புகை கொடிய விஷம். உங்கள் மாடிக்கு இறங்க ஒரே ஒரு படிக்கட்டுதான் இருக்கப்போகிறது.

ஆக எல்ஜிஎஸ்எஃப் கம்பெனிதான் மிச்சம். துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டை மடித்துச் சட்டமாக்கி, இரண்டு பக்கமும் சிமென்ட் ஃபைபர் போர்டு அடித்து, நடுவில் ராக்வூல் என்ற பாறை இழைப் பஞ்சு வைப்பார்கள். பூச்சோடு சேர்ந்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 450 கிலோவுக்குக் குறையாது. இந்தச் சுவர் அதில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். நடுவில் ராக்வூலுக்குப் பதில் லைட்வெயிட் கான்கிரீட் நிரப்புவதாகச் சொன்னால் எடைக் கணக்கே மாறிவிடும். எது என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்தது தொழிற்சாலைக்குப் போவது. ஷோரூமில் இருக்கும் மாதிரி வீட்டைப் பார்த்து ஒன்றும் தெரியாது. வேலை நடக்கும் நாளில் உள்ளே போய், அடுக்கி வைத்திருக்கும் சுவர்ச் சட்டங்களில் ஒன்றை நீங்களே கைகாட்டுங்கள், அவர்கள் எடுத்துத் தருவதை வேண்டாம் என்று சொல்லுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடியுங்கள், பிறகு மறு மூலைவிட்டத்தைப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் அந்தச் சட்டத்தை மனையில் நெம்பித் தட்டித்தான் நிறுத்துவார்கள். ஒவ்வொரு சட்டத்திலும் எண் அச்சாகியிருக்கிறதா, அதே எண் வரைபடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், அவர்கள் கட்டி முடித்து குறைந்தது இரண்டு ஐப்பசி மழையைப் பார்த்த வீடு ஒன்றின் முகவரியைக் கேளுங்கள். அங்கே போனால் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். போர்டுகள் சேரும் இடத்தில் தலைமுடி கனத்துக்கு விரிசல் ஓடினால் அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். ஜன்னலின் கீழ் மூலைகளையும், குளியலறைச் சுவரின் வெளிப்பக்க அடிப்பகுதியையும் கையால் தடவிப் பாருங்கள். தொழிற்சாலையில் செய்த பேனல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தண்ணீர் நுழைவது இரண்டு பேனல் சேரும் இடத்தில்தான். அந்த இடத்தில் வேலை செய்பவர்கள் கம்பெனி ஆட்களா, அல்லது அன்றைக்குக் கிடைத்த கான்ட்ராக்ட் ஆட்களா என்று அந்த வீட்டுக்காரரையே கேளுங்கள். அவர் உண்மையைச் சொல்வார்.

‘தற்காலிகக் கட்டடம்தானே, பிளான் அப்ரூவல் வேண்டாம்’ என்று எந்த விற்பனையாளராவது சொன்னால் நம்பாதீர்கள். மக்கள் வாழும் மாடி எந்தப் பொருளில் கட்டினாலும் மாடிதான். அனுமதி வேண்டும்.

கேள்வி: கஜா புயலில் எங்கள் ஓட்டு வீடு போய்விட்டது. வேதாரண்யம் பக்கம், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மனை. பெங்களூரில் உள்ள ஒரு கம்பெனி இரும்புச் சட்ட வீடு செய்து கொண்டுவந்து நிறுத்தித் தருகிறோம் என்கிறது. உள்ளூரில் ஒருவர், காம்பவுண்ட் சுவருக்குப் போடும் சிமென்ட் ஸ்லாப்பையும் தூணையும் வைத்தே மலிவாக வீடு போட்டுத் தருகிறேன் என்கிறார். எது நல்லது அம்மா?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: உங்கள் இடத்தில் காற்று ஒன்று, உப்பு ஒன்று. இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

காற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 875, மூன்றாம் பாகம், ஒவ்வொரு ஊருக்கும் அடிப்படைக் காற்று வேகம் சொல்கிறது. பெங்களூருக்கு நொடிக்கு 33 மீட்டர், கோவைக்கு 39, திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை உங்கள் பக்கத்தில்தான் கரை ஏறியது, அதனால் உங்கள் மனைக்கு 50க்குக் குறைந்த கணக்கை ஏற்காதீர்கள். 33க்கும் 50க்கும் வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 33இல் வரும் விசையைப் போல 50இல் 2.3 மடங்கு வரும். பெங்களூருக்காகப் போட்ட ஸ்டாண்டர்டு டிசைனை அப்படியே லாரியில் ஏற்றி வேதாரண்யத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

லேசான வீட்டுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. காற்று அதைத் தள்ளுவதோடு நிற்காது, தூக்கும். 50 மீட்டர் வேகத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. தகடு வேய்ந்த கூரையின் சொந்த எடை அதில் பத்தில் ஒரு பங்குகூட வராமல் போகலாம். எனவே கூரையைச் சுவரோடும், சுவரை அடிச் சட்டத்தோடும், அடிச் சட்டத்தை அஸ்திவாரத்தின் மேல் ஓடும் கான்கிரீட் உத்தரமான பிளிந்த் பீமோடும் பிடித்து நிறுத்துவது எது என்று கேளுங்கள். ‘எங்கள் வீடு ஸ்ட்ராங்’ என்ற பதில் போதாது. சட்டத்தைக் கான்கிரீட்டோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட் என்ன அளவு, எத்தனை அடிக்கு ஒன்று, கான்கிரீட்டுக்குள் எவ்வளவு ஆழம் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். உங்கள் ஊர்ப் பெயரும் காற்று வேகமும் போட்டு, பொறியாளர் கையெழுத்திட்ட கணக்குத்தாள் கைக்கு வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

உப்பு இதைவிடப் பொல்லாதது. இரும்புச் சட்டத்தின் துத்தநாகப் பூச்சை 120 ஜிஎஸ்எம், 275 ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள். தகட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு அத்தனை கிராம் துத்தநாகம் என்று கணக்கு. 275 என்றாலே ஒரு பக்கத்துக்குச் சுமார் 19 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 120 என்றால் 8 மைக்ரான். கடலுக்கு அவ்வளவு கிட்டத்தில் 120 என்பது வீட்டைக் கெடுப்பதற்குச் சமம். பில்லில் எழுதியிருப்பதை மட்டும் பார்க்காமல், தகடு வந்த ஆலையின் டெஸ்ட் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊரிலேயே தகடு வேய்ந்த உப்புக் கொட்டகை ஏதாவது இருந்தால் அண்ணாந்து பாருங்கள். மழை அடித்துக் கழுவும் மேல்பக்கம் ஓரளவு நன்றாக இருக்கும். மழையே படாத தாழ்வாரத்தின் அடிப்பக்கம், ஸ்க்ரூ தலை, வெட்டிய விளிம்பு ஆகியவைதான் முதலில் பொரிந்து போயிருக்கும், ஏனென்றால் அங்கே படிந்த உப்பைக் கழுவ ஆள் இல்லை. அந்த மூன்று இடத்துக்கும் என்ன பாதுகாப்பு என்று பெங்களூர்க்காரரிடம் கேளுங்கள்.

உள்ளூர் ஸ்லாப் வீடு வேண்டாம் அம்மா. மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன், உங்கள் கைக்கு எட்டும் விலை அதுதான் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் கடலோரத்தில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவரிங், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம், வேண்டும், எம்30 தரத்துக்குக் குறையாத கான்கிரீட் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 456. இரண்டங்குல ஸ்லாப்பில் கம்பியைச் சரியாக நடுவில் வைத்தாலே ஒரு பக்கம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. உப்பு உள்ளே போய்க் கம்பி ஊதினால் ஸ்லாப் பிளந்துவிடும். அத்தோடு, தூணின் பள்ளத்தில் சொருகி நிற்பதைத் தவிர அந்த ஸ்லாப்புகளுக்கு வேறு பிடிமானம் கிடையாது. 1968 மே மாதம் லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், 18ஆம் மாடியில் கேஸ் வெடித்து ஒரு மூலை முழுவதும் சரிந்து 4 பேர் இறந்தார்கள். அதுவும் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பேனல்களை அடுக்கிய கட்டடம். பேனலோடு பேனலைப் பிணைத்த இணைப்பு வலுவாக இல்லாததுதான் அங்கே வினையாக முடிந்தது. புயல் வரும் ஊரில் பிணைப்பில்லாத சுவருக்குள் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

என் யோசனை: தொழிற்சாலை வீடுதான் வேண்டுமென்றால், இரும்புச் சட்டத்தைவிட நல்லது, நல்ல கவரிங்கோடு வார்த்த, ஒன்றோடொன்று கம்பி கோத்து இணைப்பில் கான்கிரீட் ஊற்றும் ப்ரீகாஸ்ட். அது கிடைக்கவில்லை என்றால், உள்ளூர் மேஸ்திரியை வைத்து பில்லர், பீம், கான்கிரீட் கூரை போட்டு ஒரே ஓர் அறை. மீதியைப் பிறகு சேர்க்கலாம்.

கேள்வி: காரைக்குடியில் மாமனார் மாமியாருக்காக எல்ஜிஎஸ்எஃப் முறையில் சிறு வீடு போடுகிறோம். கூடத்தில் ஊஞ்சல் வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக இருக்கிறார். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்கிறார் கம்பெனிக்காரர். மாட்ட முடியுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாக மாட்டலாம். ஆனால் அப்புறம் பார்க்க முடியாது, இப்போதே பார்க்க வேண்டும். உங்கள் மாமியார் கேட்டது நல்ல கேள்வி என்று அவரிடம் சொல்லுங்கள்.

செங்கல் வீட்டில் குடிபோன பிறகும் சுவரைக் குடைந்து எதையாவது மாட்டிக்கொள்ளலாம். இங்கே தகட்டை வெட்டும் முன்பே வீடு முழுசாகத் தாளில் முடிந்திருக்க வேண்டும். ஊஞ்சல் கொக்கி வரும் இடத்தில் தனி இரும்பு உத்தரம் ஒன்று கொடுத்து, அதன் பாரம் இரண்டு பக்கச் சுவர்ச் சட்டம் வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும். ஊஞ்சல் முன்னும் பின்னும் ஆடும்போது கொக்கியை உலுக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொறியாளருக்கு இது சின்ன வேலை. பேனல் வந்து இறங்கிய பிறகு சொன்னால் கூரையைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஊஞ்சலோடு நிறுத்தாதீர்கள். ஒரு சாயங்காலம் எல்லோரும் வரைபடத்தைச் சுற்றி உட்காருங்கள். பரண் எங்கே, சாமி அலமாரி எங்கே, கீசர், ஏசி, இன்வெர்ட்டர், கிரைண்டர் மேடை, வாஷிங் மெஷின் குழாய், மாமனாருக்குக் கழிவறையில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி, எல்லாவற்றையும் குறியுங்கள். கனமானது எது மாட்டினாலும் அந்த இடத்தில் போர்டுக்குப் பின்னால் பலகையோ தகடோ வைக்க வேண்டும். குறித்த தாளில் கம்பெனி கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தொழிற்சாலை வீடு விற்பவர் ஒருவர் சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இந்தத் தாளை அவர் முன் வையுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் வேறு கம்பெனி பாருங்கள்.

கேள்வி: சேலத்தில் 2,400 சதுர அடி மனை. கம்பெனி 60 சதவீதம் அட்வான்ஸ், பேனல் லாரி ஏறும் முன் 30, வேலை முடிந்ததும் 10 என்கிறது. வங்கியோ ‘சைட்டில் வேலை நடந்த அளவுக்குத்தான் கடனை விடுவிப்போம்’ என்கிறது. என்ன செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: நீங்கள் சொன்ன கணக்குப்படி, மனையில் ஒரு செங்கல்கூட இறங்காத நிலையில் 90 சதவீதப் பணம் போய்விடுகிறது. வங்கிப் பொறியாளர் வந்து பார்த்தால் காலி மனைதான் தெரியும். அவரைக் குறை சொல்ல முடியாது.

கம்பெனி பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் அளவுக்கு வெட்டிய தகடு வேறு யாருக்கும் உதவாது, பொருள் வாங்க அவர்களுக்குப் பணம் வேண்டும். ஆனால் பெரிய கம்பெனி என்பதால் பணம் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கட்டெரா என்ற நிறுவனம், தொழிற்சாலையில் கட்டடம் செய்வதில் உலகத்தையே மாற்றப்போவதாகச் சொல்லிக் கோடி கோடியாக முதலீடு திரட்டியது. நம் கிருஷ்ணகிரியில் தொழிற்சாலை வைத்திருந்த கேஇஎஃப் இன்ஃப்ராவும் 2018இல் அதனோடு இணைந்தது. 2021 ஜூனில் கட்டெரா அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டு மனுப் போட்டது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு இங்கேயே அப்படி நடந்தது. பணம் கட்டிய கம்பெனி பாதியில் மூடிக்கொண்டது. அவர்கள் வீட்டுச் சட்டங்கள் யாருடைய யார்டிலோ மழையில் கிடந்தன, உரிமை கேட்க ஒரு காகிதம் இல்லை.

இப்படிக் கேட்டுப் பாருங்கள். வரைபடமும் கணக்கும் கைக்கு வந்ததும் 10 சதவீதம். பொருள் வாங்க 30, ஆனால் அந்தத் தொகைக்குக் கம்பெனி தன் வங்கியிடமிருந்து பேங்க் கேரன்டி (கம்பெனி கைவிட்டால் அந்த வங்கியே பணம் தரும் என்ற உறுதி) தர வேண்டும். பேனல் தயாரானதும் நீங்களோ உங்கள் பொறியாளரோ தொழிற்சாலையில் பார்த்து, ‘இந்த எண்ணுள்ள பேனல்கள் இன்னாருடையவை’ என்று எழுதி வாங்கிக்கொண்டு 30. நிறுத்தி முடித்ததும் 20. கடைசி 10 சதவீதம், ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகு. முழுசாக ஒப்புக்கொள்ளும் கம்பெனி குறைவு. பேசிப் பார்த்தால் பேங்க் கேரன்டியிலும் கடைசிப் பத்திலும் பெரும்பாலும் ஒரு வழிக்கு வருவார்கள். அந்த இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வங்கியிடம் போகும்போது, அந்தக் கம்பெனியின் முறைக்கு பிஎம்டிபிசியின் செயல்திறன் சான்றிதழ் இருந்தால் நகலை எடுத்துப் போங்கள். மத்திய வீட்டுவசதி அமைச்சகத்தின் கீழ் வரும் அமைப்பு அது. கட்டாயச் சான்றிதழ் இல்லைதான், ஆனாலும் அதைப் பார்த்தால் மேலாளருக்குக் கொஞ்சம் தெம்பு வரும். சான்றிதழில் உள்ள தயாரிப்பாளர் பெயரும் உங்கள் கம்பெனிப் பெயரும் ஒன்றுதானா, தேதி காலாவதி ஆகிவிட்டதா என்று முதலில் நீங்கள் பாருங்கள். வேறொருவர் வாங்கிய சான்றிதழைக் காட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். கொட்டேஷனில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, கிரேன் வாடகையும் கடைக்கால் வேலையும் யார் கணக்கு என்பதையும் இதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

மனை 2,500 சதுர அடிக்குள் இருப்பதால், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்தில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். அந்த விண்ணப்பத்தைக் கம்பெனியிடம் விடாமல் நீங்களே போடுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் இடத்துக்கு முழு அறையாகவே செய்து கொண்டுவந்து இறக்கும் வீடு வருமா? கன்டெய்னர் வீடு பார்க்க அழகாக இருக்கிறது.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சாதாரண லாரிக்கு நம் சட்டப்படி அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. முழு அறையாக வருவது அதனால்தான் எட்டடி அகலத்தில் ஒடுங்கிவிடுகிறது. அதையும் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் 40 அடி டிரெய்லர் திரும்ப வேண்டும், மேலே கிரேன் நிற்கச் சமதரை வேண்டும். உங்களுக்குப் பேனலாகப் பிரித்துச் சின்ன லாரியில் வருவதுதான் சரி. கம்பெனி ஆளை ஒருமுறை மனை வரை அழைத்துப்போய், வழியை அளந்து பார்த்து, ‘வரும்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

மலைக்குளிரில் இரும்புச் சட்டச் சுவருக்குள் ஈரம் வியர்த்து வடியும். வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று சுவருக்குள் போகாமல் உட்பக்கம் தடுப்புத் தாள் போடுகிறார்களா என்று கேளுங்கள். சமவெளியில் மட்டும் வேலை செய்த கம்பெனிக்கு இந்தக் கேள்வியே புதிதாக இருக்கும். மலைப்பகுதிக் கட்டட அனுமதி தனி. அதை வாங்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கும் என் மகன் மாடுலர் வீடு வாங்கப் போகிறானாம். அங்கே லாரியில் இழுத்துப்போகும் வீடு மட்டம் என்று உறவினர் சொல்கிறார். பயமாக இருக்கிறது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, உறவினர் சொல்வது வேறு வகை. அங்கே மேனுஃபாக்சர்டு வீடு என்று ஒன்று இருக்கிறது. 1976 ஜூன் முதல் நடப்பில் உள்ள மத்திய அரசு விதிப்படி, இரும்பு அடிச்சட்டத்தோடு செய்வது. அதன் ஒவ்வொரு பகுதியின் வெளிப்பக்கமும் சிவப்பு உலோகத் தகடு ஒன்று அடித்திருக்கும். மாடுலர் வீடு, மனையிலேயே கட்டும் வீட்டுக்கு உள்ள மாநில விதிகளின்படி செய்து, நிரந்தர அஸ்திவாரத்தில் கிரேனால் இறக்குவது. வங்கியும் பொதுவாக அதைச் சாதாரண வீடாகவே பார்க்கும்.

மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அங்கே தொழிற்சாலைகள் பெரும்பாலும் உள்ளூர் பில்டர் மூலமாகத்தான் விற்கின்றன. அஸ்திவாரம், கிரேன் வேலை, வீட்டின் பாதிகள் சேரும் இடத்தை மூடுவது, தண்ணீர், மின்சாரம் எல்லாம் அந்த பில்டர் கையில். கூரை ஒழுகினால் தொழிற்சாலை பில்டரைக் கைகாட்டும், பில்டர் தொழிற்சாலையைக் கைகாட்டுவார். எந்தக் குறைக்கு யார் வர வேண்டும் என்று இரண்டு பேரும் கையெழுத்திட்ட ஒரே தாள் வாங்கிக்கொள்ளட்டும். அந்த பில்டர் அதே தொழிற்சாலையின் வீடுகளை ஏற்கெனவே நிறுத்தியிருக்கிறாரா என்று கேட்டு, அதில் ஒரு வீட்டுக்காரரிடமாவது நேரில் பேசிவிட்டு முன்பணம் கட்டட்டும்.